உறுப்பினர்களுக்கு மட்டும்

1947 அக்டோபர் 5. நாடு விடுதலை பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முந்தைய ஆண்டுக் கலவரத்தின் காயம் கல்கத்தாவில் இன்னும் ஆறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்படியொரு வேளையில் இருபதுகளின் நடுவயதில் இருந்த சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். சேர்ந்து உட்கார்ந்து நல்ல சினிமா பார்க்க வேண்டும், பார்த்ததைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி என்று பெயர் வைத்தார்கள். முதலில் திரையிட்டது ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்'.

சத்யஜித் ரே அப்போது டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியர், வயது 26. சிதானந்த தாஸ்குப்தாவுக்கும் ஏறத்தாழ அதே வயது. பன்சி சந்திரகுப்தா காஷ்மீரத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர், கல்கத்தா ஸ்டூடியோக்களில் அரங்க வேலை கற்றுக்கொண்டிருந்தார். ஹரிசாதன் தாஸ்குப்தா அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். தொடக்கத்தில் எல்லாருமாகச் சேர்ந்தாலும் ஒரு சின்ன அறைக்குள் அடங்கிவிடுகிற கூட்டம். ஒருவர் வீட்டு அறையில் கூடியபோது, சினிமாக்காரர்கள் வந்து வீட்டின் புனிதத்தைக் கெடுக்கிறார்கள் என்று அந்த வீட்டிலேயே எதிர்ப்புக் கிளம்பியதை ரே பின்னாளில் எழுதியிருக்கிறார். சினிமாத் தொழிலில் இருந்தவர்களுக்கும் இவர்களைப் பிடிக்கவில்லை. நம் படங்களைக் குறை சொல்லவே கூடுகிறார்கள் என்று நினைத்தார்கள்.

இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கதையை எழுதியவர்கள் அதைப் பெரும்பாலும் ரசனையின் வரலாறாகவே எழுதினார்கள். சங்கங்கள் உலக சினிமாவைக் கொண்டுவந்தன, விமர்சகர்களை உருவாக்கின, புதிய அலைக்கு வழி திறந்தன என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கதைக்குள் இன்னொரு கதையும் ஓடுகிறது. வேலையும் குடும்பமும் பொறுப்பும் வந்துவிட்ட வயதில், முன்பின் அறியாதவர்கள் நண்பர்களான கதை அது. பள்ளி பெஞ்சும் கல்லூரி விடுதியும் கேட்காமலே கொடுத்த நட்பு, முப்பதுக்கு மேல் தானாக வந்து சேர்வதில்லை. அலுவலகம் சகாக்களைத் தருகிறது, கல்யாணம் சொந்தங்களைத் தருகிறது. நண்பர்கள் கிடைக்க வேறு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் அப்படி ஓர் இடமாக இருந்தது திரைப்படச் சங்கம்.

அது அப்படி ஆனதற்கு யாரும் திட்டமிடாத ஒரு காரணம் இருந்தது. அது தணிக்கைச் சட்டம்.

லண்டனில் 1925 அக்டோபர் 25 அன்று, ரீஜன்ட் தெருவில் இருந்த நியூ கேலரி அரங்கில் 'த ஃபிலிம் சொசைட்டி' தன் முதல் காட்சியை நடத்தியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஐவர் மாண்டேகு; 21 வயதுதான். உறுப்பினர் பட்டியலில் எச்.ஜி. வெல்ஸ், பெர்னார்ட் ஷா, பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் எல்லாரும் இருந்தார்கள். தணிக்கைக் குழு அனுமதிக்காத படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட முடியாது. ஆனால் ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்குள் காட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. பிரிட்டிஷ் தணிக்கை தடுத்துவைத்திருந்த 'பொட்டெம்கின்' படத்தை அந்தச் சங்கம் 1929 நவம்பர் 10 அன்று திரையிட்டது. ஜான் கிரியர்சனின் 'டிரிஃப்டர்ஸ்' ஆவணப்படமும் அன்றைக்குத்தான் முதன்முதலில் திரைக்கு வந்தது.

கவனிக்க வேண்டியது இதைத்தான். அன்றைய காட்சிக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போக முடியாது. ஆண்டு முழுவதற்கும் சந்தா கட்டியாக வேண்டும். அதனால் இந்த மாதம் பார்த்த முகத்தை அடுத்த மாதமும் பார்க்க நேர்ந்தது. முதல் முறை தலையசைப்பு, மூன்றாம் முறை பெயர், ஆறாம் முறை வாக்குவாதம். தணிக்கையைத் தாண்டுவதற்காகப் போட்ட விதி, அறிமுகம் நட்பாகப் பழுப்பதற்கு வேண்டிய கால அவகாசத்தையும் சேர்த்தே கொடுத்தது. பின்னர் இந்தியாவிலும் இதே கதைதான். 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டம் படங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருந்தது. அந்த வழியில்தான் சங்கங்கள் தணிக்கையாகாத வெளிநாட்டுப் படங்களைப் பார்த்தன. நிபந்தனை ஒன்றே: உறுப்பினர்களுக்கு மட்டும்.

பாரிஸில் இதன் விளைவு உலகமே அறிந்த வடிவம் எடுத்தது. 1948இல், 16 வயதில், கடன் வாங்கி ஒரு சினிமா மன்றம் தொடங்கினான் பிரான்சுவா த்ரூஃபோ என்ற பையன். வேறொரு மன்றம் நடத்திவந்த விமர்சகர் ஆந்த்ரே பஸானுக்கு அப்போது 30 வயது. உங்கள் காட்சி நேரமும் என் காட்சி நேரமும் மோதுகின்றன என்று முறையிடப் போன இடத்தில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. மன்றக் கடன் முற்றி, பெற்ற வீடே பையனைச் சீர்திருத்த விடுதிக்கு அனுப்பியபோது அவனை மீட்க ஓடியவர் பஸான். த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படமான 'த 400 புளோஸ்' படப்பிடிப்பை 1958 நவம்பர் 10 அன்று தொடங்கினார். மறுநாள் பஸான் இறந்துபோனார். படம் அவர் நினைவுக்குக் காணிக்கையானது. கோதார், ரிவெத், ரோமர், ஷாப்ரோல் என்று பின்னர் புதிய அலை என்று பெயர் பெற்ற அத்தனை பேரும் லத்தீன் குவார்ட்டர் மன்றத்திலும், ஆன்ரி லாங்லுவாவின் சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்தில் இருந்த சிறிய அரங்கிலும்தான் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள்.

கல்கத்தாவுக்குத் திரும்பலாம். அங்கே படம் பார்ப்பதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: கூட்டாக வெளியே போவது. 1949இல் 'த ரிவர்' படத்துக்கு இடம் பார்க்க பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வந்தார். சங்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. வேலை இல்லாத நாட்களில் ரே அவரோடு கல்கத்தாவைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போனார். ஆற்றங்கரை, வாழைத்தோப்பு, குடிசை எல்லாவற்றையும் இன்னொருவர் கண்வழியாகப் பார்த்த அந்தப் பயணங்களைப் பற்றி ரே எழுதவும் செய்தார். ஹரிசாதன் ரெனுவாருக்கு உதவியாளரானார். பன்சி அந்தப் படத்தின் கலை இயக்குநர் யூஜின் லூரியேவிடம் வேலை கற்றார். சுப்ரதா மித்ரா என்ற இளைஞர் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்து, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று நோட்டில் வரைந்துகொண்டிருந்தார். ரேயும் மித்ராவும் நெருங்கியது அப்போதுதான்.

இந்த நட்புகளில் எல்லாமே கனியவில்லை. ரேயும் ஹரிசாதனும் தாகூரின் 'கரே பாய்ரே' நாவலைப் படமாக்கத் திட்டமிட்டார்கள். உரிமை வாங்கி, திரைக்கதை எழுதி, ஒப்பந்தம்வரை போனார்கள். தயாரிப்பாளர் கேட்ட மாற்றங்களை ரே ஏற்கவில்லை, முயற்சி நின்றுபோனது. அந்த நாவலை ரே படமாக்கி முடித்தது 1984இல்தான்.

ஆனால் 1952 அக்டோபர் 27 அன்று தொடங்கியது 'பதேர் பாஞ்சாலி'. இந்தப் படத்தின் ஆரம்ப நாட்களை ஒரு படக் கம்பெனியின் வேலையாக நினைத்தால் புரியாது. நண்பர்கள் சேர்ந்து போன ஞாயிற்றுக்கிழமைப் பயணமாக நினைத்தால்தான் புரியும். ரே வேலையை விடவில்லை, ஆகவே விடுமுறையில்தான் படப்பிடிப்பு. கேமரா சுப்ரதா மித்ரா. சினிமா கேமராவை அதற்குமுன் இயக்கியதே இல்லாத, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். கலை இயக்கம் பன்சி சந்திரகுப்தா. காஷ் என்ற நாணல் பூத்துக் கிடந்த வயலில் முதல் வாரம் எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மீதியை எடுக்க அடுத்த பூக்காலம்வரை காத்திருந்தார்கள். ரே தன் காப்பீட்டுப் பத்திரத்தில் பணம் எடுத்தார், இசைத்தட்டுகளை விற்றார், மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துப் படம் முடிந்தது. 1955 ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளியானது. முன்பின் தெரியாத தொழிலாளர்களை வைத்துக்கொண்டு இத்தனை இழுபறியைத் தாண்டியிருக்க முடியாது. ஐந்தாறு ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்த்து, காபி ஹவுஸில் மணிக்கணக்கில் சண்டை போட்டவர்களால் முடிந்தது.

அதே ஆண்டுகளில் பாட்னாவில் ஒரு பெண் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். விஜயா முலே, திருமணமாகிக் குழந்தை பெற்றபின் உதவித்தொகையில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். அங்கே ஒரு திரைப்படச் சங்கத்தில் சேர்ந்து பழகிய ருசி ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. பாட்னா திரைப்படச் சங்கத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் டெல்லிக்கு மாறியபோது அங்கேயும் ஒரு சங்கத்துக்கு வேராக இருந்தார். சினிமா வட்டாரத்தில் கடைசிவரை எல்லாருக்கும் அவர் 'அக்கா'. உத்தியோகத்தில் ஊர் மாறிப் போகிறவர்கள் சங்கத்தையும் கையோடு கொண்டுபோனது இந்த இயக்கத்தின் பெரிய பலம். புதிய ஊரில் யாரையும் தெரியாமல் வந்து இறங்கும் ஒரு வங்கி ஊழியருக்கோ கல்லூரி ஆசிரியருக்கோ அந்த ஊர்ச் சங்கத்தின் காட்சி நேரம் தெரிந்தால் போதும். ஒரு மாதத்தில் நான்கு பேராவது பழக்கமாகிவிடுவார்கள்.

ஐசன்ஸ்டைனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேரி சீட்டன் 1950களின் நடுவில் இந்தியா வந்து ஊர் ஊராகப் படங்களோடு சுற்றிப் பேசினார். தூங்கிக் கிடந்த சங்கங்கள் விழித்தன. 1952 வாக்கில் நின்றுபோயிருந்த கல்கத்தாச் சங்கமே 1956இல்தான் மறுபடி எழுந்தது. 1959 டிசம்பர் 13 அன்று கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி சங்கங்கள் கூடி இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை உருவாக்கின. ரே தலைவர்; 1992இல் இறக்கும்வரை அவரே தலைவர். இணைச் செயலாளர்கள் சிதானந்த தாஸ்குப்தாவும் விஜயா முலேவும். துணைத் தலைவர்களில் ஒருவர் சென்னையிலிருந்து போன அம்மு சுவாமிநாதன்.

சென்னைத் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கி நடத்திய அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் சென்னையின் பிரதிநிதியாக அமர்ந்தவர். கேப்டன் லட்சுமிக்கும் நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய்க்கும் தாய். 1894இல் பிறந்தவர் என்பதால், இந்தச் சங்க வேலையில் இறங்கியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அன்றைய சென்னையில் ஜெமினி, ஏ.வி.எம்., வாஹினி என்று ஸ்டூடியோக்கள் நிறைந்திருந்தன. நாலு மொழிகளில் படம் எடுக்கிற ஊர். ஆனால் 1952இல் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்துபோன பிறகு, 'ரஷோமான்', 'பைசைக்கிள் தீவ்ஸ்' மாதிரிப் படங்களை மறுபடி பார்க்க வேண்டும் என்றால் அதற்குத் தியேட்டர் கிடையாது. சங்கம் ஒன்றுதான் வழி.

அந்த மாலைகள் எப்படி நடந்தன என்பதைச் சொல்லாமல் நட்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. படம் தகரப் பெட்டியில் ரயிலேறி வரும். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து வரலாம். அல்லது ஏதாவது ஒரு தூதரகத்திலிருந்து வரலாம். பெட்டியை எடுக்க ஸ்டேஷனுக்கு யார் போவது, வாடகைப் புரொஜெக்டரை யார் தூக்கி வருவது, ஹாலுக்கு யாரிடம் கேட்பது, படம் முடிந்ததும் அடுத்த ஊருக்கு ரயிலில் ஏற்றிவிடுவது யார் என்று நாலைந்து பேருக்கு எப்போதும் வேலை இருந்துகொண்டே இருக்கும். படத்தைப் பற்றி ஒரு குறிப்பு தட்டச்சாகி, சைக்ளோஸ்டைலில் உருண்டு, மை காயாத தாளாக வாசலில் கைமாறும். 16 மி.மீ. படச்சுருள் அதிகம் போனால் 40, 45 நிமிடம் ஓடும். பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர். ஆகவே சுருள் தீர்ந்ததும் விளக்கைப் போடுவார்கள். ஆபரேட்டர் அடுத்த சுருளை மாட்டும்வரை அந்நியர்கள் பக்கத்துப் பக்கத்தில் பிரகாசமான வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாய் திறக்காமல் எப்படி இருப்பது? அந்த இளைஞன் எதற்குச் சைக்கிளைத் திருடினான் என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் பதில் சொல்வார். தானாக அடுத்த படத்துக்குத் தாவிவிடும் இன்றைய திரைக்கு இந்த இடைவெளி தெரியாது.

பிறகு தேநீர்க் கடை. படத்தைவிட நீளமான பேச்சு அங்கேதான் நடந்தது.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. தணிக்கையாகாத படம் என்பதற்காகவே சந்தா கட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அவர்கள் முதல் சுருளிலேயே ஏமாந்து எழுந்துபோனார்கள். பெருநகரச் சங்கங்கள் ஆங்கிலம் தெரிந்த நடுத்தர வர்க்கத்தின் கூடங்களாகவே நெடுநாள் இருந்தன. விஜயா முலேயும் அம்மு சுவாமிநாதனும் முன்னால் நின்றாலும், இரவு ஒன்பது மணிக்கு முடியும் காட்சிக்குத் தனியாக வந்து போகக் கூடிய பெண்கள் குறைவு; அதற்குப் பிறகு நடந்த தேநீர்க் கடைப் பேச்சு அநேகமாக ஆண்களுடையது. இந்த நட்புக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பதும் அதன் வரலாற்றில் சேர்ந்ததுதான்.

இந்த வேலியை உடைத்தவர்கள் தெற்கே இருந்தார்கள். திருவனந்தபுரத்தில் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் தொடங்கிய சித்ரலேகா கேரளம் எங்கும் சங்கங்கள் முளைக்கக் காரணமானது. அதே நண்பர்கள் கூட்டுறவு அமைத்து 1972இல் 'சுயம்வரம்' எடுத்தார்கள். கர்நாடகத்தில் சாகர் பக்கத்தில் ஹெக்கோடு என்ற சிற்றூர். பாக்குத் தோட்டக்காரரும் எழுத்தாளருமான கே.வி. சுப்பண்ணா அங்கே 1949இல் தொடங்கிய நீநாசம் நாடகக் குழு, 1970களில் திரைப்படச் சங்கமும் நடத்தியது. புனேயிலிருந்து காப்பகத்தின் பி.கே. நாயர் அனுப்பிய படங்களை விவசாயிகளும் கூலி வேலை செய்பவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். குரோசாவாவையும் டி சிக்காவையும் பற்றி அந்த ஊர் முதியவர்கள் பேசுவதை 'செல்லுலாய்ட் மேன்' ஆவணப்படத்தில் இன்றும் பார்க்கலாம். சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது.

ஜான் ஆபிரகாமின் கதை தமிழோடு நேரடித் தொடர்புள்ளது. 1977இல் அவர் எடுத்த 'அக்ரகாரத்தில் கழுதை' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பின்னர் கேரளத்தில் நண்பர்களோடு ஒடெஸ்ஸா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் 'த கிட்' படத்தைத் தெருவிலும் திடலிலும் போட்டு, பார்த்தவர்களிடம் முடிந்ததைக் கேட்டு வாங்கி, அந்தச் சில்லறையில் 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். சந்தா கட்டியவர் மட்டும் என்ற விதியையே தலைகீழாக்கிய முயற்சி அது. அடுத்த ஆண்டே ஜான் இறந்தார். அவரைப் பற்றிய நினைவுகளை இன்றுவரை எழுதிவருபவர்களில் பலர் அந்தப் பயணங்களில் கூட நடந்த நண்பர்கள்.

தமிழ்நாட்டில் இந்த மரபு விட்டுவிட்டு வந்தது. மதுரையின் யதார்த்தா, கோவையின் கோணங்கள், முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் திரையிடல்கள், சென்னையில் 2003 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடத்திவரும் இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன், பின்னால் வந்த தமிழ் ஸ்டுடியோ என்று வரிசை உண்டு. சோவியத் கலாச்சார மையமும் மாக்ஸ் முல்லர் பவனும் அலியான்ஸ் பிரான்சேஸும் இடம் கொடுத்தன. சிற்றிதழ் வாசகர்களும் நாடகக்காரர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்தது இங்கேதான். வேறெங்கும் அவர்கள் அப்படிக் கலந்திருக்க வாய்ப்பில்லை.

அதே சென்னையில் இன்னொரு வகைக் கூட்டமும் வளர்ந்துகொண்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில், கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகரைச் சுற்றி இருந்த இளைஞர்கள் கடலாமை தேடி இரவில் கடற்கரையில் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பின்னர் இந்தியக் கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு பொறுப்பை ஏற்றது. ஜனவரி முதல் ஏப்ரல்வரை, பங்குனி ஆமை முட்டையிடும் காலத்தில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஏழு கிலோமீட்டர் போல நடை. வார இறுதி இரவுகளில் யார் வேண்டுமானாலும் கூட வரலாம். டார்ச் அடிக்கக் கூடாது. ஆமைத்தடம் கண்டால் குழியிலிருந்து நூறுக்கு மேற்பட்ட முட்டைகளைப் பத்திரமாக எடுத்து, கரையில் அமைத்த பொரிப்பகத்தில் புதைப்பார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். கடலில் விட அதே ஆட்கள் மறுபடி வருவார்கள். 1978இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தின் பறவை நோக்கும் பயணங்களும் இப்படித்தான்: குறித்த நாள், தெரிந்த இடம், எல்லார் கண்ணும் ஒரே திசையில்.

திரையைப் பார்க்கும்போதும் மணலைப் பார்க்கும்போதும் யாரும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! கவனம் வேறெங்கோ இருக்க, பழக்கம் தன்போக்கில் வளர்கிறது. தமிழ் சினிமாவின் வரலாற்றாசிரியராகவும் காட்டுயிர் எழுத்தாளராகவும் ஒருசேர அறியப்படும் சு. தியடோர் பாஸ்கரன் தபால் துறையில் உயர் பதவி வகித்தவர். இந்த இரண்டு உலகங்களும் அவர் ஒருவரிடம் சந்தித்தது தற்செயல் என்று தோன்றவில்லை. இரண்டுமே, அலுவலகத்துக்கு வெளியே ஒத்த மனதுள்ளவர்கள் சேர்ந்து பொறுமையாகப் பார்ப்பதால் வளர்கிற உலகங்கள்.

1980களில் வீடியோ கேசட் வந்தது. தூர்தர்ஷன் விருதுப் படங்களை வீட்டுக்கே கொண்டுவந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு, எளிதாகக் கிடைத்துவந்த படங்களின் பெரிய ஊற்று அடைபட்டது. 16 மி.மீ. புரொஜெக்டருக்கு பல்பு கிடைக்காமல் போனது. சங்கங்கள் ஒன்றொன்றாக உறங்கின. படம் கிடைப்பதற்காகக் கூடினோம், இப்போது படம் கிடைக்கிறது, இனி எதற்குக் கூட வேண்டும் என்ற கணக்கு சரிபோலத் தெரிந்தது. அது தவறான கணக்கு. கூட்டத்தின் பயனில் படம் பாதிதான் என்பதைச் சங்கம் மூடிய பிறகுதான் பலர் உணர்ந்தார்கள். நடந்துகொண்டிருந்தபோது அதை யாரும் நட்பு மன்றம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆகவே மூடியபோது எதை இழக்கிறோம் என்ற பேச்சும் எழவில்லை.

முழுக்க அழிந்துவிடவும் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சினிமா ரசிகர்கள் குழுக் குழுவாக ரயிலேறுகிறார்கள். ஒரே லாட்ஜில் அறையைப் பங்கிட்டுக்கொண்டு, காலை முதல் இரவுவரை வரிசையில் நின்று, போன ஆண்டு வரிசையில் பழக்கமானவரை இந்த ஆண்டும் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். ஆமை நடையும் தை பிறந்தால் தவறாமல் தொடங்கிவிடுகிறது.

பெரிய சங்கங்களின் வரலாறு ரேயின் கட்டுரைகளிலும் மேரி சீட்டனின் புத்தகங்களிலும் பதிவாகிவிட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சங்கங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றின் வரலாறு பரணில் கிடக்கும் சைக்ளோஸ்டைல் குறிப்புகளிலும், சந்தா ரசீதுகளிலும், உறுப்பினர் அட்டைகளிலும், காட்சி அறிவிப்பு அஞ்சலட்டைகளிலும்தான் இருக்கிறது. வீடு மாறும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போகிறவையும் அவைதான். அப்படி ஒரு கட்டு உங்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. முதலில் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொடுப்பதற்கு முன், உங்களோடு அந்த வரிசையில் உட்கார்ந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.